காபி உறையுறதுக்குள்ள ஒரு குளியல்

"தண்ணி விழுதா?"

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசி வீடுகளில் போனை எடுத்ததும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான். எப்படி இருக்கீங்க, பிள்ளைகள் என்ன படிக்குது, முழங்கால் வலி தேவலையா... இதெல்லாம் அப்புறம்தான். பத்து மாதமாக எட்டிப் பார்க்காத சென்னைச் சித்தப்பாவுக்கும் மதுரை மைனிக்கும் திடீரென்று பாசம் பொங்கும். "விழுது" என்று சொன்னால் போதும், சனிக்கிழமை காலையில் வாசலில் கார் நிற்கும். "விழலை" என்று ஒரு பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் இப்போது அதற்கும் வழியில்லை. எவனாவது ஒருத்தன் அருவியில் நின்றுகொண்டே ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறான் :)

வருகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சாரலை அள்ளிக்கொண்டு வந்து தெளிக்கும்போது ஊரே ஏசி போட்ட மாதிரி ஆகிவிடும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஒரே நாளில் ஒரு ரவுண்டு அடித்துவிடலாம். போகிற வழியில் மங்குஸ்தான், குளித்துவிட்டு வந்ததும் மிளகாய் பஜ்ஜி, ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு கேள்வி வரும் பாருங்கள்: "ஸ்வீட் ஏதாவது இருக்கா?"

குற்றாலத்துக்கு விருந்தாளிகள் புதிதில்லை. ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். ராஜாஜி, கல்கி என்று அவரைத் தேடி வந்தவர்களின் பட்டியல் பெரியது. அந்த வீட்டு விருந்தையும் உபசரிப்பையும் பற்றி வந்தவர்கள் நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அடுப்படியில் நின்றது யார் என்றுதான் யாரும் அதிகம் எழுதவில்லை. அது அப்படித்தான். இலை போடுகிறவர் பெயர் நிற்கும், இலையில் விழுவதைச் செய்தவர் பெயர் நிற்காது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா அருவியில் குளித்து மூன்று சீசன் ஆகியிருந்தது. ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம்! டெல்லியிலிருந்தெல்லாம் வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் காரில் ஏறுகிறவர்களைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு அடுப்புல சோலி கெடக்கு" என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். யாரும் அவரைக் கட்டிப் போடவில்லை. கேசரிதான் கட்டிப் போட்டது. ரவையைப் போட்டால் கை ஓயாமல் கிண்ட வேண்டும். பால் பாயசம் என்றால் பால் சுண்டும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். கடையில் அல்வா வாங்கி வைக்கலாம்தான். ஆனால் அந்த வீட்டு ஐயாவுக்கு ஒரு கொள்கை உண்டு. வந்தவர்களுக்கு வீட்டில் செய்த இனிப்பு வைப்பதுதான் மரியாதை. (கொள்கை அவருடையது, கரண்டி அவருடையதில்லை.)

மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வருமே, ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடுகிற இன்னொன்றின் மதிப்பு... தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்து எழுதியவளுக்கு, ஒரு சனிக்கிழமை கார் புறப்படும்போது வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்ததும்தான் அர்த்தம் புரிந்தது. ஒரு சட்டி கேசரியின் விலையில் ரவை, நெய், சர்க்கரை, முந்திரி எல்லாம் எழுதலாம். ஓர் அருவிக் குளியலை எந்தப் பத்தியில் எழுதுவது?

இதற்கு அரசாங்கக் கணக்கே இருக்கிறது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழித்தார்கள். அதே வேலையைச் செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-இல் திரும்ப எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இருந்த 97-இல் எந்த ஒன்பதைக் கழித்தார்களோ, அந்தக் குற்றாலநாதருக்கே வெளிச்சம்.

ஆக, அவளுக்குத் தேவைப்பட்டது கிண்ட வேண்டாத இனிப்பு. வீட்டில் எப்போதும் இருக்கிற சாமான் காபித்தூள். சீசனில் அந்த வீட்டு ஃபில்டர் காய்வதே இல்லை. காபியை வைத்தே ஏதாவது செய்தால் என்ன?

காபி இனிப்பு என்றதும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது டல்கோனா. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, ஒன்பதாம் வகுப்பில் இருந்த அவளைப் பரீட்சை இல்லாமலேயே பாஸ் போட்டு வீட்டில் உட்கார வைத்த நேரம். உலகமே டம்ளரில் நுரையடித்துக்கொண்டிருந்தது. டல்கோனா என்பது கொரியாவில் ஒரு சர்க்கரை மிட்டாயின் பெயர். அந்த நுரையின் ருசி மிட்டாயைப் போல இருந்ததால் காபிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அடித்தாள். முதல் டிகாஷனையும் சர்க்கரையையும் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் அரை மணி நேரம். நுரையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கை வலிதான் வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு இன்ஸ்டன்ட் காபித்தூள்தான் சரிப்படும். தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு போட்டால் அந்தக் கெட்டிக் கரைசல் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபில்டர் டிகாஷன் எவ்வளவு திக்காக இருந்தாலும் அதில் தண்ணீர்தான் அதிகம். போதாததற்கு, டல்கோனாவும் நின்று அடிக்கிற சமாச்சாரம். கேசரிக்கு அது எந்த விதத்தில் மேல்?

அடுத்தது டிராமிசு. இத்தாலிக்காரர்களின் பண்டம். அதற்கென்று ஒரு பாலாடைக்கட்டி, முட்டை, தனி பிஸ்கட் எல்லாம் வேண்டும். பெரிய ஊர்ச் சமாச்சாரம், விட்டுவிட்டாள். ஆனால் அதன் ஏழைத் தம்பி ஒருவன் உண்டு. மேரி பிஸ்கட்டை ஆறிய டிகாஷனில் ஒரு முக்கு முக்கி (இரண்டு நொடிக்கு மேல் போனால் டம்ளருக்குள் மூழ்கிவிடும்), டப்பாவில் வரிசையாக அடுக்கி, மேலே கெட்டிப் பாலை ஊற்றி, மறுபடி பிஸ்கட், மறுபடி பால். நாலு அடுக்கு. பத்து நிமிட வேலைதான். ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் இருந்தால் கேக் மாதிரி ஆகிவிடும். நல்லாத்தான் இருந்தது. ஆனால் விருந்தாளி வந்த வீட்டு ஃபிரிட்ஜில் மாவுச் சட்டியும் மீனும் தண்ணீர் பாட்டில்களும் போக டப்பா வைக்க எங்கே இடம்? இதில் சாரல் காற்றில் கரண்ட் வேறு போய்விட்டால்...

விடை கடையநல்லூரில் இருந்தது. கூடப் படிக்கிற தோழி வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு தட்டு வந்தது. பாலும் ஏலக்காயும் சேர்த்து, வழுக்கிக்கொண்டு, டைமண்ட் டைமண்டாக வெட்டிய துண்டுகள். கடல்பாசி! கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ரமலானுக்குக் கடல்பாசி இல்லாமல் இருக்காது. தோழியின் உம்மா போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "காச்சி ஊத்திட்டு நான் தொழப் போயிருவேன் மா, வந்து பார்த்தா உறைஞ்சிருக்கும். ஃபிரிட்ஜுல வைக்கணும்னுகூட இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவளுக்குப் பொறி தட்டியது.

ஜெலட்டின் என்று ஒன்று இருக்கிறது. ஜெல்லி பாக்கெட்டுகளில் வருவது. அது மாட்டு எலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து எடுப்பது. உறைவதற்குக் குளிர்ச்சி வேண்டும், வெயில் பட்டால் இளகிவிடும். கடல்பாசி அப்படியில்லை. அது சுத்தமான தாவரச் சரக்கு. நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் கரையும், சூடு ஏறத்தாழ 35, 40 டிகிரிக்கு இறங்கினாலே உறையத் தொடங்கிவிடும். ஒரு தடவை உறைந்துவிட்டால் 85 டிகிரிவாக்கில் சூடாக்கினால்தான் திரும்ப இளகும். தென்காசி சாரலில் அடுப்பு மேடையில் அப்படியே விட்டால் முக்கால் மணி நேரம் போதும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

ஜப்பானில் காபியை இப்படி உறைய வைத்துச் சாப்பிடுவது நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். கடல்பாசியை உலர வைத்துப் பத்திரப்படுத்தும் வித்தையைக் கண்டுபிடித்ததாக அவர்கள் சொல்லும் கதையிலும் ஒரு விடுதிக்காரர்தான் வருகிறார். பதினேழாம் நூற்றாண்டில், விருந்தாளி சாப்பிட்டு மிஞ்சிய பாசிக் கூழைக் குளிர்கால ராத்திரியில் வெளியே வீசினாராம். சில நாளில் அது பனியில் உறைந்து, வெயிலில் காய்ந்து, சருகாகிக் கிடந்ததாம். விருந்தாளி தொல்லையில் பிறந்த சாமான், விருந்தாளி தொல்லைக்கே மருந்தாகிறது!

நம்பாதவர்கள் ராமநாதபுரம் பக்கம் போய்ப் பார்க்கலாம். பாம்பன், மண்டபம் கரையோரப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மன்னார் வளைகுடாவில் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகிறார்கள். கடல்பாசி தயாரிக்க உதவும் பாசி அது. 1986-இல் அங்குள்ள தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு அவர்கள் போகக்கூடிய இடமும் சுருங்கிவிட்டது. அந்தப் பெண்களைத் திரட்டி, பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ள வைத்து, தொழிலையும் காப்பாற்றப் போராடிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. கடையில் பத்து கிராம் பாக்கெட்டைக் கையில் வாங்கும்போது காற்று மாதிரி இருக்கும். அதற்குப் பின்னால் எத்தனை முங்கல்!

சரி, செய்முறை. (இதற்காகத்தான் பலர் இவ்வளவு தூரம் பொறுத்திருப்பீர்கள்.)

பத்து கிராம் கடல்பாசி, அரை லிட்டர் ஆவின் பால், முக்கால் டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் திக்கான முதல் டிகாஷன், ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் ஒன்றரை டம்ளர் இரண்டாம் டிகாஷன். ஆமாம், ஃபில்டரில் மிச்சமிருக்கும் தூளில் திரும்ப வெந்நீர் ஊற்றி இறக்கினால் வருமே, விருந்தாளிக்குக் கொடுத்தால் மானம் போகும் அந்தத் தண்ணிக் காபி, அதேதான். எல்லோரும் கடல்பாசியைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். அவள் அதற்குப் பதில் இதில் ஊற வைத்தாள். காசு கூடாமல் ருசி கூடியது.

பாசியைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்கி, ஆறிய இரண்டாம் டிகாஷனில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பிறகு சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். ஒரு நார்கூடக் கண்ணில் படக்கூடாது, ஏழெட்டு நிமிடம் ஆகும். பக்கத்து அடுப்பில் பாலும் சர்க்கரையும் உப்பும் சூடாகட்டும். இரண்டும் சூடாக இருக்கும்போதே பாசியை வடிகட்டிப் பாலில் ஊற்றி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். முதல் டிகாஷனைச் சேர்ப்பது அதற்குப் பிறகுதான். அதையும் சேர்த்துக் கொதிக்க விட்டால் வாசம் தெருவுக்குப் போய்விடும், தட்டுக்கு வராது. ஈரம் காட்டிய தட்டில் ஊற்றினால் வேலை முடிந்தது.

சிக்கரி கலந்த தூளா, கலக்காததா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. இதற்குச் சிக்கரி இருப்பது நல்லது. நிறமும் அந்த அடிக்கசப்பும் பாலில் அமுங்காமல் நிற்கும். பாதிக்கு மேல் சிக்கரி இருக்கும் தூளை மட்டும் தொட வேண்டாம். சட்டமே 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும் என்கிறது.

கருப்பட்டி போட்டால் இன்னும் பிரமாதமாக இருக்குமே என்று திருநெல்வேலிக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். பாலில் போட்டுக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், ஜாக்கிரதை. அதற்குப் பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்குப் போய்விட வேண்டும். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, பாசியோடு சேர்த்துக் கொதிக்க விட்டு, இறக்கியதும் லேசாகச் சூடுகாட்டிய முதல் தேங்காய்ப்பாலை விட்டுக் கலக்கினால் போதும். உடன்குடிக் கருப்பட்டியும் தென்காசித் தேங்காயும் காபியும் ஒரே தட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சாப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தடவை அவளுக்குச் சொதப்பியது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சில்லென்று அப்படியே ஊற்றினாள். பாசி நூல் நூலாகத் திரண்டு, சேமியா மாதிரி மிதந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி இது? மைனி முன்னாடி இதையா வைக்கப் போற? காபின்னா குடிக்கணும். அதைப் போய் வெட்டித் திங்கவா?"

ஆனால் இந்தக் கடல்பாசியிடம் ஒரு நல்ல குணம். மைசூர்பாகு பதம் தவறினால் தவறினதுதான், அதை வைத்துச் செங்கல் வேண்டுமானால் கட்டலாம். இதைத் திரும்ப அடுப்பில் ஏற்றினால் மறுபடி கரைந்துவிடும். ஏற்றினாள். கரைந்தது. ஊற்றினாள். உறைந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டை எடுத்தார். அந்த வீட்டில் அதற்குப் பெயர் சான்றிதழ்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மைனி குடும்பம் வந்து இறங்கியது. காலை இட்லிக்குப் பிறகு வழக்கம்போல எல்லோரும் துண்டும் சோப்புமாகக் கிளம்பினார்கள். மகள் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தட்டில் ஊற்றி, மேலே ஒரு மூடியைச் சாய்த்து வைத்தாள். பிறகு கொடியிலிருந்து அம்மாவின் பழைய நைட்டியையும் ஒரு துண்டையும் உருவிப் பையில் போட்டாள்.

"எம்மா, வா."

"நீங்க போயிட்டு வாங்க. ராத்திரிக்கு இனிப்பு..."

"ஊத்தியாச்சு. இனி நீ பாத்தாலும் உறையும், பாக்காட்டாலும் உறையும்."

அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தார், அணைந்திருந்தது. தட்டைப் பார்த்தார், அதுவும் சும்மா இருந்தது. கிண்டுவதற்கு எதுவுமே இல்லாத அடுப்படியில் நிற்கத் தெரியாமல் ஒரு நிமிடம் நின்றார். வாசலில் மைனி ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தருவியில் அன்றைக்கு அளவான தண்ணீர். பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியது. முதலில் கையை நீட்டிப் பார்த்தார், அப்புறம் தோளைக் கொடுத்தார், அப்புறம் தலை. அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழும்போது வேறு எந்தச் சத்தமும் கேட்காது. யாராவது கூப்பிட்டால்கூடக் கேட்காது. மகள் மூன்று தடவை கூப்பிட்டாள். மைனி நடுங்கிக்கொண்டு வெளியே வந்து துவட்டி, தலை சீவி, பஜ்ஜி வாங்கி, அது ஆறியும் விட்டது. அம்மா வரவில்லை. மூன்று சீசன் பாக்கி இருந்ததல்லவா?

வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்றரை. ஈரத்தலையோடு அம்மா நேராக அடுப்படிக்குத்தான் போனார். ஒரு தட்டு கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. இன்னொரு தட்டில் ஒரு மூலையைக் காணோம். பக்கத்தில் ஒரு கரண்டி. "சளி பிடிச்சிருக்கு, நான் வரலை" என்று வீட்டில் தங்கிவிட்ட ஐயா, திண்ணையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஏட்டி, இன்னிக்கு காபி என்ன இவ்வளவு கெட்டியா இருக்கு?"

டிஸ்கி: ராத்திரி பத்து மணிக்கு ஆறு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பக்கூடாது. வெட்டிச் சாப்பிட்டாலும் அது காபிதான். மைனி அன்றைக்கு விடியும்வரை குடும்பக் கதை பேசினார் :)